சிங்கத்துக்குச் சூரியகாந்திப் பிடரி: குரோஷே கேள்வி – பதில்

விலங்கின் உருவமும் பூவின் உருவமும் ஒரே பஞ்சுப் பொம்மையில் சேரும்படி குரோஷேயில், அதாவது கொக்கி ஊசியால் நூலைப் பின்னும் முறையில், பின்னுவது பற்றி வாசகர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். ஒரே ஐயம் பல கடிதங்களில் வந்திருந்தால் அவற்றை ஒரு கேள்வியாகச் சேர்த்திருக்கிறோம். பதில்களில் வரும் கண்ணிகளின் (ஊசியால் போடும் ஒவ்வொரு பின்னல் முடிச்சின்) பெயர்கள் அனைத்தும் அமெரிக்க வழக்கின்படியானவை. அதன் காரணத்தைக் கீழே ஒரு பதிலில் காணலாம்.

கேள்வி: சூரியகாந்திப் பூவைப் பிடரியாகக் கொண்ட சிங்கப் பொம்மை ஒன்றைப் பின்னினேன். தலையைத் தனியாகவும் இதழ்களைத் தனித்தனியாகவும் பின்னி, கடைசியில் இதழ்களைத் தலையைச் சுற்றித் தைத்தேன். இதழ்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து தொங்குகின்றன. எவ்வளவு கவனமாகத் தைத்தாலும் பிடரி முகத்தோடு சேராமல், பிறகு கொண்டுவந்து ஒட்டியதாகவே தோன்றுகிறது. எதை மாற்றவேண்டும்?

பதில்: தையலை அல்ல, பின்னும் வரிசையை மாற்றவேண்டும். தனியாகப் பின்னிய இதழ் தன் அடியில் ஒன்றிரண்டு தையல்களால் மட்டுமே தலையைப் பற்றிக்கொண்டிருக்கிறது. அந்த ஒடுங்கிய அடிப்பகுதியே கீலாக மாறி, இதழின் எடை எந்தப் பக்கம் இழுக்கிறதோ அந்தப் பக்கம் மடிந்துவிடுகிறது. தலையின் கண்ணிகளிலிருந்தே இதழ்களைக் கிளப்பிவிட்டால் இந்தச் சிக்கல் எழுவதில்லை. பூவை விலங்கின் மேல் வைப்பதைவிட விலங்கிலிருந்து பூவை வளரவிடுவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. இந்தப் பகுதியில் வரும் மற்றப் பதில்களிலும் அந்தச் சாய்வு தெரியும்.

செய்யும் விதம் இது. தலையை மூக்கிலிருந்து தொடங்கி, மேஜிக் ரிங்கில் (இழுத்தால் இறுகும் நூல் வளையத்தில்) 6 கண்ணிகள், பிறகு சுற்றுக்கு 6 கூட்டி (ஒரே கண்ணியில் இரண்டு பின்னுவதே கூட்டல்) 12, 18, 24, 30, 36 என வளர்த்துக்கொள்ளுங்கள். 36க்குப் பின் கூட்டாமல் இரண்டு சுற்றுகள் பின்னினால் கன்னம் சற்றே உப்பி நிற்கும். ஒவ்வொரு கண்ணியின் தலைப்பிலும் இரண்டு இழைகள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒன்று உங்கள் பக்கம் இருக்கும் முன் இழை, மற்றொன்று பின் இழை. அடுத்த சுற்றை முழுவதும் பின் இழையில் மட்டும் பின்னுங்கள். அதற்கும் அடுத்த சுற்றையும் அப்படியே பின்னுங்கள். இப்போது முகத்தைச் சுற்றி 36 முன் இழைகள் கொண்ட வளையங்கள் இரண்டு, எந்தக் கண்ணியும் ஏறாமல், காத்துக்கொண்டிருக்கும். மீதித் தலையை வழக்கம்போல் பின்னி முடித்துவிட்டு, முகம் உங்களைப் பார்க்கும்படி பிடித்துக்கொண்டு, மஞ்சள் நூலை அந்த முன் இழைகளில் ஒன்றில் இணையுங்கள்.

ஒரு இதழுக்கு 6 சங்கிலிகள். ஊசியிலிருந்து இரண்டாவது சங்கிலியில் தொடங்கி, ஒரு சிங்கிள் குரோஷே (குட்டையான அடிப்படைக் கண்ணி), ஒரு ஹாஃப் டபுள் (அதைவிடச் சற்று உயரமானது), ஒரு டபுள் (இன்னும் உயரமானது), மீண்டும் ஒரு ஹாஃப் டபுள், ஒரு சிங்கிள் என ஐந்து கண்ணிகளைப் பின்னிக்கொண்டு தலைக்குத் திரும்புங்கள். ஒரு முன் இழையை விட்டுவிட்டு, அடுத்ததில் ஸ்லிப் ஸ்டிச் (உயரமில்லாத இணைப்புக் கண்ணி) போட்டு, அங்கிருந்தே அடுத்த இதழைத் தொடங்குங்கள். ஒரு இதழ் இரண்டு இழைகளை எடுத்துக்கொள்வதால் ஒரு வளையத்தில் 18 இதழ்கள் மிச்சமின்றி அமையும். பின் வளையத்தில் ஒவ்வோர் இதழுக்கும் ஒரு சங்கிலியைக் கூடுதலாகப் போட்டு, நடுவில் டபுள் குரோஷேயை இரண்டாக்கிச் சற்று நீளமாகப் பின்னினால், முன் இதழ்களின் இடைவெளியில் பின் இதழ்கள் எட்டிப்பார்க்கும்; இரண்டு அடுக்குகளும் ஒன்றுக்கொன்று முட்டுக்கொடுப்பதால் சாய்வும் நின்றுவிடும்.

இந்த வகை இதழின் ஒரு விளிம்பு நேராகவும் மறு விளிம்பு வளைந்தும் இருக்கும். அதைக் குறையாக எண்ணித் திருத்த வேண்டாம். ஒன்றன் மேல் ஒன்று படியும்போது அந்தச் சமமின்மைதான் பூவுக்கு உயிர் தருகிறது. சூரியகாந்தியில் நாம் இதழ் என்று சொல்லும் மஞ்சள் நாக்கு ஒவ்வொன்றும் தாவரவியலின்படி ஒரு தனிச் சிறு மலர். அவை இயற்கையில் அச்சில் வார்த்ததுபோல் ஒரே அளவில் இருப்பதுமில்லை.

கேள்வி: நான் இப்போதுதான் குரோஷே கற்றுக்கொள்கிறேன். என் முதல் முயற்சியில் கண்ணிகளுக்கு நடுவே உள்ளே இருக்கும் பஞ்சு வெள்ளையாகத் தெரிகிறது. நூல் தவறா, ஊசி தவறா? பொம்மை எவ்வளவு பெரிதாக வரும் என்பதை முன்கூட்டியே கணக்கிட முடியுமா?

பதில்: பெரும்பாலும் ஊசிதான். நூல் கண்டின் சுற்றுத்தாளில் அச்சிட்டிருக்கும் ஊசி அளவு, துவளவேண்டிய துணிகளை மனத்தில் வைத்துச் சொல்லப்பட்டது. போர்வையும் மேலாடையும் துவளவேண்டும், பொம்மையின் தோல் துவளக்கூடாது. தாளில் 4 மி.மீ. என்றிருந்தால் பொம்மைக்கு 3 அல்லது 2.5 மி.மீ. ஊசியை எடுங்கள். கை வலிக்கும் அளவுக்கு இறுக்கிப் பின்னுவதைவிடச் சிறிய ஊசியில் இயல்பாகப் பின்னுவது மேல். கண்ணியைக் குறைக்கும் இடங்களிலும் பஞ்சு தெரியும். அங்கே அடுத்தடுத்த இரண்டு கண்ணிகளின் முன் இழைகளில் மட்டும் ஊசியை நுழைத்து, நூலை இழுத்து, ஒரே சிங்கிள் குரோஷேயாக முடியுங்கள். குறைத்த இடம் கண்ணுக்குத் தெரியாது.

நூலைப் பொறுத்தவரை, முதல் பொம்மைக்கு நடுத்தரத் தடிமனும் வெளிர் நிறமும் கொண்ட, பிரிந்துபோகாத நூல் போதும். பருத்தியில் கண்ணிகள் தெளிவாகத் தெரியும், இதழ்கள் விறைப்பாக நிற்கும். ஆனால் அது நீளாது என்பதால் விரல் சீக்கிரம் சோர்ந்துவிடும். அக்ரிலிக் இலேசானது, நீண்டுகொடுக்கும். நாளடைவில் மேற்பரப்பில் சிறு உருண்டைகள் கட்டும். விலங்கின் உடலை அக்ரிலிக்கிலும் பூவைப் பருத்தியிலும் பின்னுவது இரண்டின் நன்மையையும் பெறும் வழி. தடிமன் மட்டும் ஒத்திருக்கவேண்டும். மயிர் அடர்ந்த வெல்வெட் நூல் பார்க்க மிக அழகாக இருந்தாலும் அதில் கண்ணிகளைக் கண்ணால் காணமுடியாது, விரலால் தடவித்தான் எண்ணவேண்டும். பிரித்துப் பின்னினால் மயிரும் உதிரும். அதைப் பத்துப் பொம்மைகளுக்குப் பின் தொடலாம்.

அளவுக் கணக்கு எளியது. உங்கள் நூலிலும் ஊசியிலும் ஒரு சிறு துண்டைப் பின்னி, பத்துக் கண்ணிகளின் அகலத்தை அளந்து பத்தால் வகுத்துக்கொள்ளுங்கள். ஒரு கண்ணி 6 மி.மீ. அகலம் என்றால், 36 கண்ணிகள் கொண்ட தலையின் சுற்றளவு 216 மி.மீ.; அதை 3.14 ஆல் வகுத்தால் குறுக்களவு ஏறத்தாழ 7 செ.மீ. என்று வரும். கண்ணி 5 மி.மீ. ஆனால் அதே தலை 6 செ.மீ.க்கும் சற்றுக் குறைவாக அமையும். பஞ்சை அழுத்தி அடைத்தால் இந்த அளவு கொஞ்சம் கூடும்.

கேள்வி: தலை உருண்டையாக வராமல் ஆறு மூலைகளோடு வருகிறது. என் தோழி, நான் பொம்மையை உட்புறம் வெளியே தெரியும்படி பின்னுவதாகவும் சொல்கிறாள். இரண்டும் தொடர்புடையவையா?

பதில்: தொடர்பில்லை. மூலைகள் தோன்றுவதற்குக் காரணம், ஒவ்வொரு சுற்றிலும் கூட்டும் கண்ணி முந்தைய சுற்றில் கூட்டிய இடத்தின் மேலேயே வந்து அமர்வதாகும். ஒரு சுற்று விட்டு ஒரு சுற்றில் கூட்டும் இடத்தை நகர்த்திவிடுங்கள். எடுத்துக்காட்டாக, 18 கண்ணிகளை 24 ஆக்கும் சுற்றில், ‘இரண்டு கண்ணி, ஒரு கூட்டல்’ என்று ஆறு முறை செய்வதற்குப் பதிலாக, முதலில் ஒரு கண்ணி, ஒரு கூட்டல். பிறகு ‘இரண்டு கண்ணி, ஒரு கூட்டல்’ ஐந்து முறை. முடிவில் ஒரு கண்ணி. எண்ணிக்கை அதே 24தான், மூலை மட்டும் மறைந்துவிடும்.

உங்கள் தோழி சொல்வதைச் சரிபார்க்க மேற்பரப்பை உற்றுப்பாருங்கள். சிறு சிறு ‘வி’ வடிவங்கள் அடுக்கடுக்காகத் தெரிந்தால் அது நற்பக்கம். குறுக்குக் கோடுகள் தெரிந்தால் அது உட்பக்கம். கிண்ணம்போல் குழிந்து வரும் வேலையின் உள்விளிம்பில் ஊசியைக் குத்திப் பின்னுகிறவர்களுக்குத் தெரியாமலே உட்பக்கம் வெளியே வந்துவிடுகிறது. மூன்றாவது, நான்காவது சுற்றிலேயே அதைப் புரட்டிவிட்டு, உங்களுக்கு அருகே இருக்கும் விளிம்பில், வெளியிலிருந்து உள்ளே ஊசி போகும்படி பின்னுங்கள். சாதாரண உருண்டைக்கு எந்தப் பக்கம் வெளியே இருந்தாலும் பெரிய கெடுதல் இல்லை. இதழ் வைக்கும் பொம்மைக்கு இது முக்கியம். பக்கம் மாறிவிட்டால் நீங்கள் விட்டுவைத்த முன் இழைகள் பொம்மையின் உள்ளே அல்லவா இருக்கும்!

கேள்வி: தட்டையாக வரவேண்டிய பூ கிண்ணமாகக் குழிகிறது, சில நேரம் அலை அலையாக நெளிகிறது. செய்முறைக் குறிப்பில் சொன்னபடியே எண்ணித்தான் பின்னுகிறேன். இதற்கு ஏதேனும் விதி உண்டா?

பதில்: உண்டு, அது வட்டத்தின் விதி. ஒரு வட்டத்தின் ஆரம் ஒரு கண்ணியின் உயரம் அளவுக்கு வளர்ந்தால், அதன் சுற்றளவு அந்த உயரத்தைப்போல் 6.28 மடங்கு வளர்ந்தாகவேண்டும். சிங்கிள் குரோஷேயின் உயரமும் அகலமும் கிட்டத்தட்டச் சமம். எனவே சுற்றுக்கு 6 கண்ணிகள் கூட்டினால் வட்டம் தட்டையாகக் கிடக்கும். டபுள் குரோஷே அதைப்போல் இரண்டு மடங்கு உயரம் என்பதால் சுற்றுக்கு 12 வேண்டும். இதைவிடக் குறைவாகக் கூட்டினால் விளிம்பு போதாமல் கிண்ணமாகக் குழியும். மிகுதியாகக் கூட்டினால் விளிம்பு இடமின்றி நெளியும். உங்கள் எண்ணிக்கை சரியாக இருந்தும் குழிகிறதென்றால், உங்கள் கையில் கண்ணி அகலத்தைவிட உயரமாக விழுகிறது என்று பொருள். சுற்றுக்கு 7 கூட்டிப் பாருங்கள். செய்முறைக் குறிப்பு எழுதியவரின் கை வேறு, உங்கள் கை வேறு.

இந்தக் குழிவையும் நெளிவையும் பிழையாகவே நினைக்கவேண்டியதில்லை. தாமரையின் இதழ் குழியவேண்டும். கார்னேஷன் பூவின் இதழ் நெளியவேண்டும். லாட்வியாவைச் சேர்ந்த கணித அறிஞர் டைனா டைமினா, 1997இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் அதிபரவளையத் தளம் என்ற, விளிம்பை நோக்கிப் போகப்போக நெளிந்து விரியும் வடிவியல் பரப்பைக் குரோஷேயில் பின்னிக் காட்டினார். அதுவரை காகிதத்தில் ஒட்டிய மாதிரிகள் எளிதில் கிழிந்துபோகும் நிலையில் இருந்தன. குறிப்பிட்ட விகிதத்தில் இடைவிடாமல் கண்ணிகளைக் கூட்டிக்கொண்டே போனால் அதே பரப்பு கையில் பிடித்து மடக்கிப் பார்க்கும் பொருளாகக் கிடைக்கும் என்பதே அவர் கண்டது. நம் தேவைக்கு இதை மிக எளிதாக்கிக்கொள்ளலாம். முன் இழைகளின் வளையத்தில் ஒவ்வோர் இழையிலும் இரண்டு டபுள் குரோஷே, அடுத்த சுற்றில் ஒவ்வொரு கண்ணியிலும் மீண்டும் இரண்டு என்று இரட்டித்தால், 36 இழைகள் இரண்டே சுற்றுகளில் 144 கண்ணிகளாகி, தனி இதழ் எதுவும் பின்னாமலே அடர்ந்த கார்னேஷன் பிடரி கிடைக்கும். நூல் நிறையச் செலவாகும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

கேள்வி: ஒரே பொம்மைக்கு இரண்டு குறிப்புகளைப் பார்த்தேன். ஒன்று சிங்கிள் குரோஷே என்கிறது, மற்றொன்று அதே இடத்தில் டபுள் குரோஷே என்கிறது. எது சரி?

பதில்: இரண்டும் சரி. பிரிட்டிஷ் வழக்கில் சிங்கிள் குரோஷே என்ற பெயரே புழங்குவதில்லை. அமெரிக்கர் சிங்கிள் என்பதை அவர்கள் டபுள் என்றும், அமெரிக்கர் டபுள் என்பதை டிரெபிள் என்றும் சொல்வார்கள். குறிப்பில் எங்கேனும் ‘சிங்கிள்’ என்ற சொல் வந்தால் அது அமெரிக்க வழக்கு என்று முடிவுசெய்துகொள்ளலாம். பஞ்சுப் பொம்மைக் குறிப்புகளில் பெரும்பகுதி அமெரிக்கப் பெயர்களிலேயே வருவதால் இங்கும் அவற்றையே பின்பற்றுகிறோம்.

கேள்வி: எங்கள் குடும்பத்தில் ஒரு குழந்தைக்கு எட்டு மாதம் ஆகிறது. காதுகள் லில்லி இதழாக இருக்கும் முயல் ஒன்றைப் பின்னித் தர விரும்புகிறேன். கண்களுக்கு ‘சேஃப்டி ஐஸ்’ என்ற பெயரில் கிடைக்கும் பிளாஸ்டிக் கண்களை வாங்கியிருக்கிறேன். பூவின் நடுவில் முத்துமணிகளும், இதழ்கள் நிமிர்ந்து நிற்க உள்ளே மெல்லிய கம்பியும் வைக்கலாமா?

பதில்: கம்பியும் வேண்டாம், மணிகளும் வேண்டாம், அந்தக் கண்களும் வேண்டாம். பெயரில் பாதுகாப்பு இருப்பதால் அந்தக் கண்கள் பச்சிளங்குழந்தைக்கு ஏற்றவை என்று ஆகிவிடாது. கண்ணை உட்புறமிருந்து பூட்டும் பின்புற வளையம் கழலாமல் பிடித்துக்கொண்டிருக்கலாம். ஆனால் அது பற்றியிருப்பது நீண்டுகொடுக்கும் கண்ணிகளை. குழந்தை கடித்து இழுக்கும்போது கண்ணி விரிந்து, கண் வளையத்தோடு சேர்ந்தே வெளியே வந்துவிடக்கூடும். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளின் பொம்மைகளில் இருந்து கழலும் துண்டுகளைச் சோதிக்க, 31.7 மி.மீ. குறுக்களவுள்ள ஒரு சிறு உருளையை அமெரிக்க விதிகளும், ஐரோப்பாவின் ஈ.என். 71 தரவிதியும் பயன்படுத்துகின்றன. அந்த உருளைக்குள் முழுதாக அடங்கிவிடும் எந்தத் துண்டும் தொண்டையில் சிக்கும் அபாயமுள்ளது என்பது அதன் கருத்து. பிளாஸ்டிக் கண்ணும் முத்துமணியும் பொத்தானும் அதில் எளிதில் அடங்கிவிடும். நூலின் நுனியில் ஊஞ்சலாடும் சிறு மொட்டும் அப்படித்தான்.

கண்களைக் கறுப்பு நூலால் தையல் வேலையாகப் போட்டுவிடுங்கள். தலையை மூடுவதற்கு முன்பே போட்டு, நூலின் முனைகளை உள்ளே பலமுறை கோத்து முடிச்சிட்டால் கழலாது. உறங்கும் கண்ணாக, கீழ்நோக்கி வளைந்த ஒரு கோடாகப் போட்டால் முயலுக்குச் சாந்தமான முகம் கிடைக்கும். என் பார்வையில் பிளாஸ்டிக் கண்ணைவிட அதுவே அழகு.

லில்லிக் காதுக்குக் கம்பி தேவையே இல்லை. காதை இரண்டு இலைகளாக, உள்ளே வெளிர் நிறத்திலும் வெளியே வெள்ளையிலும் பின்னி, இரண்டையும் சேர்த்து வைத்து விளிம்பைச் சுற்றிச் சிங்கிள் குரோஷேயால் மூடுங்கள். இரட்டைத் துணியின் விறைப்பே காதை நிமிர்த்தி நிறுத்தும். லில்லியின் மகரந்தத் தாளைக் காட்ட வேண்டுமானால் உள் இலையின் மேல் மஞ்சள் நூலால் மூன்று நீள் தையல்கள் போதும். காதின் அடியைத் தலையில் பொருத்தும்போது முன்பக்கம் ஒரு வரிசை, பின்பக்கம் ஒரு வரிசை என இரண்டு முறை தைத்துவிடுங்கள்.

இன்னொன்றையும் குழந்தையின் பெற்றோரிடம் சொல்லித் தரவேண்டும். ஒரு வயது நிறையாத குழந்தை உறங்கும் இடத்தில் பஞ்சுப் பொம்மைகள் எதையும் வைக்கக்கூடாது என்று அமெரிக்கக் குழந்தைமருத்துவ அகாதெமி அறிவுறுத்துகிறது. பொம்மை எவ்வளவு நன்றாகப் பின்னப்பட்டிருந்தாலும் இது பொருந்தும். விழித்திருக்கும்போது பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்து விளையாட்டுக் காட்டலாம்.

கேள்வி: இரண்டு பக்கமும் கண்ணிகளை எண்ணித்தான் கைகளையும் பூவையும் வைக்கிறேன். ஆனாலும் முகம் ஒரு பக்கமும் பூ ஒரு பக்கமும் திரும்பியிருக்கின்றன. ஏன்?

பதில்: முடிவின்றிச் சுழன்றுகொண்டே போகும் சுற்றுகளில் ஒரு கண்ணி, கீழ்க்கண்ணியின் நேர்மேலே உட்காருவதில்லை, சற்றே விலகி உட்காருகிறது. வலக்கைக்காரர்களுக்கு இந்த விலகல் வலப்புறமாகவும், இடக்கைக்காரர்களுக்கு இடப்புறமாகவும் சேர்ந்துகொண்டே போகும். எனவே கழுத்தில் நடுக்கண்ணியாக இருந்தது வயிற்றுக்கு வரும்போது நடுவில் இருக்காது. கண்ணி எண்ணிக்கையை நம்பாமல், பொம்மையில் பஞ்சை அடைத்து நிமிர்த்தி வைத்து, முகத்துக்கு நேரே பார்த்துக் குண்டூசியால் குறித்துக்கொண்டு வையுங்கள். வேலை முடிந்ததும் ஊசிகளை எண்ணி எடுத்துவிடுங்கள். கண்ணிக்குள் நூலை எடுக்கும்போது ஊசியின் மேலாகச் சுற்றி எடுக்காமல், ஊசியை நூலின் மேலே கொண்டுபோய்க் கொக்கியால் பற்றி இழுத்தால், ‘வி’ வடிவத்துக்குப் பதிலாகப் பெருக்கல் குறி வடிவில் இறுக்கமான கண்ணி விழும். அதில் இந்த விலகல் குறைவு. பொம்மையின் நடுவில் ஒரு முறையிலிருந்து மற்றொன்றுக்கு மாறாதீர்கள், மாறிய சுற்று வெளியே தெரியும்.

கேள்வி: பெரிய பூ வைத்த தலை முன்னால் கவிழ்ந்துவிடுகிறது. பஞ்சை இன்னும் அடைத்தால் சரியாகுமா?

பதில்: தலையில் அடைத்தால் சரியாகாது, கழுத்தில்தான் குறை இருக்கிறது. 36 கண்ணித் தலைக்கு 12 கண்ணிக் கழுத்து வைத்தால் எவ்வளவு பஞ்சும் தாங்காது. தலையின் அகன்ற சுற்றில் பாதிக்குக் குறையாமல், அதாவது 18 கண்ணிகளாவது கழுத்தில் இருக்கட்டும். பிடரியும் இருந்தால் 24 வரை போகலாம், பிடரியே கழுத்தின் பருமனை மறைத்துவிடும். தலையை மூடிவிட்டு உடலின் மேல் வைத்துத் தைப்பதைவிட, தலையின் திறந்த வாயிலிருந்தே உடலைத் தொடர்ந்து பின்னிக்கொண்டு போவது உறுதியானது. கழுத்து வரும்போது பஞ்சைச் சிறு சிறு துணுக்குகளாகப் பிய்த்து, ஊசியின் பின்முனையால் நடுவில் குத்தி இறுக்குங்கள். தலைக்கும் உடலுக்கும் நடுவே பஞ்சு அறுபடாமல் ஒரே தூணாக இருக்கவேண்டும். பாலியெஸ்டர் பஞ்சு இதற்கு ஏற்றது. இயற்கைப் பருத்திப் பஞ்சு நாளடைவில் கட்டிதட்டும், நனைந்தால் உள்ளே காய நெடுநேரம் பிடிக்கும். தலைக்குள் மட்டும் இலேசாகவும், உடலின் அடியில் கெட்டியாகவும் அடைத்தால் பொம்மை தானாக அமரும்.

கேள்வி: வெள்ளைக் கரடியின் தலையில் சிவப்புச் செம்பருத்தி வைத்தேன். முதல் சலவையிலேயே கரடி இளஞ்சிவப்பாகிவிட்டது. நூலை முன்பே வினிகரில் ஊறவைத்திருந்தால் சாயம் நின்றிருக்கும் என்கிறார்கள். இனி என்ன செய்யலாம்?

பதில்: பருத்தி நூலில் ஒட்டாமல் மிஞ்சியிருக்கும் சாயத்தை வினிகரோ உப்போ பிடித்துவைக்காது. மிஞ்சிய சாயம் வெளியேறும்வரை அலசுவதுதான் வழி. அடர்ந்த சிவப்பு, நீலம், கறுப்பு ஆகிய நூல்களை வாங்கியதும் ஒரு முழத் துண்டை நனைத்து வெள்ளைத் துணியில் வைத்து அழுத்திப் பாருங்கள். துணியில் நிறம் ஏறினால், நூலைக் கண்டிலிருந்து சிட்டமாகச் சுற்றி, நான்கைந்து இடங்களில் தளர்வாகக் கட்டி, நீர் தெளியும்வரை அலசி உலர்த்திய பிறகு பின்னுங்கள்.

இப்போது கறைபட்ட கரடியை மீண்டும் குளிர்ந்த நீரில், நிறத்தை ஈர்க்கும் சலவைத் தாள் ஒன்றோடு சேர்த்து அலசிப் பார்க்கலாம். கறை உலர்வதற்கு முன் செய்தால் பலன் மிகுதி. அலசியபின் முறுக்கிப் பிழியவேண்டாம். துண்டில் சுருட்டி அழுத்தி நீரை எடுத்துவிட்டு, காற்றோட்டமான இடத்தில் படுக்கவைத்து உலர்த்துங்கள், அவ்வப்போது புரட்டுங்கள். சாயம் ஒழுகும் பூவை ஈரத்தோடு கரடியின் மேல் படியவிடாமல், பூவுக்கும் தலைக்கும் நடுவே ஒரு வெள்ளைத் துணியைச் செருகிவைப்பதும் நல்லது. அக்ரிலிக் பொம்மையின் மேல் இஸ்திரிப் பெட்டியை வைத்துவிடாதீர்கள். சூடு பட்ட இழை தன் துள்ளலை இழந்து தொய்ந்துவிடும், அது திரும்பாது. கம்பளி நூலானால் சூடான நீரும் தேய்ப்பும் சேர்ந்து அதைச் சுருக்கி அடர்த்துணியாக்கிவிடும்.

செம்பருத்தியையே மீண்டும் வைப்பதானால் ஒரு யோசனை. அதற்கு ஐந்து இதழ்கள். எனவே 30 கண்ணிகள் கொண்ட சுற்றின் முன் இழைகளில் அதை எழுப்பினால் இதழுக்கு ஆறு இழைகள் வீதம் சரியாகப் பங்கிடலாம். 36 கண்ணிச் சுற்றில் ஐந்து இதழ்களைப் பங்கிடுவது வீண் வேதனை.

கேள்வி: எந்த விலங்குக்கு எந்தப் பூ பொருந்தும்?

பதில்: விலங்கின் உடலில் ஏற்கெனவே விரிந்தோ சுற்றிநின்றோ இருக்கும் உறுப்பு எது என்று பாருங்கள், பூ அங்கேதான் போகவேண்டும். சிங்கத்துக்குப் பிடரி என்பதைப் பார்த்தோம். யானைக்குக் காது அகலமானது. செம்பருத்தி இதழின் நெளிந்த விளிம்பை அந்தக் காதின் ஓரத்தில் பின்னலாம். ஆமையின் ஓடு தாமரைக்கு ஏற்றது: ஓட்டை உச்சியிலிருந்து தொடங்கி, சுற்று விட்டுச் சுற்று பின் இழையில் பின்னிக்கொண்டு வந்து, விட்டுவைத்த முன் இழைகளில் குழிந்த இதழ்களை அடுக்கடுக்காக எழுப்பினால் ஓடே பூவாகிவிடும். முள்ளெலிக்குச் செவ்வந்தி, ஐந்து சங்கிலி போட்டு ஸ்லிப் ஸ்டிச்சில் திரும்பும் மெல்லிய இதழ்கள் முதுகு முழுவதும் முட்களாக நிற்கும். மயிலைப் பலரும் கேட்கிறார்கள், ஆனால் தோகையும் பூவும் போட்டியிட்டு இரண்டும் சோபிப்பதில்லை என்பதால் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. பூனைக்கும் நாய்க்கும் பூவாக மாறத்தக்க உறுப்பு எதுவும் இல்லை. அவற்றுக்குக் கழுத்துப்பட்டையாகக் கழற்றி மாட்டும் பூமாலை ஒன்றைத் தனியே பின்னிவிடுவது போதும். மூன்று வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்கு மட்டும் அப்படித் தரலாம்; மாலையின் சுற்றளவு பொம்மையின் தலை நுழையும் அளவுக்கு மேல் போகவேண்டாம்.

கேள்வி: ஒருவர் வெளியிட்ட செய்முறைக் குறிப்பைப் பார்த்துப் பின்னிய பொம்மையை விற்கலாமா?

பதில்: குறிப்பின் எழுத்தும் படங்களும் எழுதியவருக்கு உரியவை, அவற்றைப் படியெடுத்துப் பிறருக்குக் கொடுப்பதோ விற்பதோ கூடாது. பின்னி முடித்த பொம்மையை விற்பதைப் பற்றிக் குறிப்பின் முதல் அல்லது கடைசிப் பக்கத்தில் பெரும்பாலோர் தங்கள் நிபந்தனையை எழுதியிருப்பார்கள். வடிவமைத்தவரின் பெயரைக் குறிப்பிட்டால் போதும் என்பது பொதுவாகக் காணப்படும் நிபந்தனை. எதுவும் எழுதியிராவிட்டால் அவருக்கே எழுதிக் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: மேஜிக் ரிங் சில மாதங்களில் தளர்ந்து, மூக்கின் நடுவே ஓட்டை விழுகிறது.

பதில்: வளையத்தை இழுத்து இறுக்கியதும் வால்நூலை வெட்டிவிடுகிறீர்கள் என்று தெரிகிறது. வாலை விரல் நீளத்துக்கு விட்டு, தடித்த ஊசியில் கோத்து, வளையத்தின் உட்புறமாக ஒரே திசையில் இரண்டு முறை சுற்றிக் கொண்டுவந்து, பிறகு எதிர்த்திசையில் சில கண்ணிகள் ஓட்டி முடிச்சிடுங்கள். வழுக்கும் நூலானால் வளையத்தையே தொடக்கத்தில் இரட்டையாகச் சுற்றிப் போடலாம். ஏற்கெனவே தளர்ந்த பொம்மைக்கு, அதே நிற நூலை முதல் சுற்றின் ஆறு கண்ணிகளின் அடியிலும் கோத்து இழுத்து, முனைகளைத் தலையின் பின்புறம் கொண்டுபோய்ப் பிடரிக்குக் கீழே முடிச்சிட்டு உள்ளே செருகிவிடுங்கள்.